மர்ஜானின் வயிறு

விலாவில் காது வைத்தேன்.
குடல் பேசவில்லை.
வேலிக்கு அப்பால் பர்க்கா கடல்தான்
பேசிக்கொண்டிருந்தது.

மஸ்கட்டிலிருந்து டாக்டர் வர ஒரு மணி நேரம்.
படுக்க விடாதே,
புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்றார்.
நடத்தினேன்.
ஆகஸ்ட் புழுக்கத்தில்
என் சட்டையும் அவள் தோலும் ஒரே உப்பு.

பக்கத்து லாயத்து குல்ஷேர் கயிற்றை வாங்கிக்கொண்டான்.
அவனிடமிருந்து ஹமூத்.
வைக்கோல் கணக்கில் மூன்று மாதமாய்
எங்கள் முதலாளியோடு பேசாதவர்,
பனியனோடு வந்திருந்தார்.

ஊசி போட்டாயிற்று.
பாங்கு ஒலிக்கையில் வாலைத் தூக்கினாள்.
நான்கு உருண்டை லத்தி.
டார்ச் அடித்து எண்ணினோம்,
பிறந்த பிள்ளையின் விரல்களைப்போல.
உடைத்தால் மணல்.

ஹமூத் செருப்பைத் தேடினார்.
"தரையில் தீவனம் கொட்டாதே. தொட்டி வாங்கு,
பாதிப் பணம் என்னுடையது."
என்னிடம்தான் சொன்னார்,
முதலாளி காதில் விழும்படி.