டிஷ்ஷின் கண்

டிஷ் பார்க்கும் இடம்
அதன் முகம் பார்க்கும் இடமல்ல.
வேலை பழகிய முதல் மாதம் இது பிடிபடாமல்
நெல்லியடிக் கடையில் எத்தனை பேச்சு வாங்கினேன்.
முகம் தென்னை வட்டைப் பார்த்துக் கிடக்கும்.
கண்ணோ அதற்கும் மேலே,
முப்பத்தாறாயிரம் கிலோமீற்றரில்
அசையாமல் நிற்கிற ஒரு பெட்டியில்.

இன்று வதிரி. பேரம்பலத்தார் வீட்டு மாடி.
ஆனி மாதம், சோளகம் சட்டையைப் பிடித்து இழுக்கிறது.
கடைசி நட்டை இறுக்குமுன் கறண்ட் போய்விட்டது.
ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

வடக்கே, கடல் பக்கம்,
நீட்டிய கையில் ஒரு முட்டி உயரத்தில் துருவம்.
இந்த வெளிச்சம் அங்கிருந்து வெளிக்கிட்டபோது
நல்லூரில் இன்னும் அரசன் இருந்தான்.
தென்மேற்கே சிலுவை சரிகிறது.
இரண்டையும் ஒரே கழுத்துத் திருப்பலில் காணலாம்,
இந்த ஊர் எனக்குத் தந்த சீதனம் அது.

சுவாதிக்கு வடக்கே, வெகு அப்பால்,
ஒரு பெரும் வெறுமையாம்.
முப்பது கோடி ஒளியாண்டு அகலம்.
மயிலிட்டியில் கம்பிக்குள் கிடந்த எங்கள் காணிபோல:
வரைபடத்தில் இருக்கும், போக ஆளிருக்காது.
அதற்குள்ளும் ஒரு அறுபது விளக்கு எரிகிறதாம்.
மேற்கே சித்திரைக்கு அயலில்
ஆயிரத்துக்கு மேல் விண்மீன் திரள்கள், ஒரே வளவுக்குள்.
வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

கீழே இருமல்.
"பிள்ளை, படம் வருதோ?"
"கறண்ட் வரட்டும் ஐயா."

இந்த வீட்டுக்குத்தான் மூன்று வருஷத்துக்கு முன்
என் சாதகம் வந்துபோனது,
மஞ்சள் பூசின மூலைகூட மடியாமல்.
பெண் மூலம் நிர்மூலம். மாமனுக்கு ஆகாது.
மகன் இப்போது நோர்வேயில்,
அவன் அனுப்பிய காசில் இந்த டிஷ்.
பேரம்பலத்தாருக்கு என்னைத் தெரியவில்லை.
சாதகத்தில் முகம் இல்லையே.

தென்கிழக்கே தேள் ஏறி நிற்கிறது.
அதன் கொடுக்கில் என் நட்சத்திரம்.
கொடுக்குக்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளி,
தூசிக்குப் பின்னால்,
இருபத்தாறாயிரம் ஒளியாண்டில்
பால்வெளியின் நடு.
நாற்பது இலட்சம் சூரியன் பாரத்தை
ஒரு பொட்டாய் அடக்கிய கருந்துளை.
சூரியனும் பூமியும் பேரம்பலத்தாரும் அவரின் இருமலும்
அதைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருக்கிறோம்,
ஒரு சுற்றுக்கு இருபது கோடி வருஷத்துக்கு மேல்.
யாரும் பொருத்தம் பார்க்கவில்லை.
அந்த இடத்துக்கு மூலம் என்று பேர் விழுந்தது
தற்செயலாய் இருக்கும். இருக்கட்டும்.

நட்டைத் தளர்த்தினேன்.
டிஷ்ஷை இறக்கி, கொஞ்சம் இடம் வெட்டி,
அங்கே திருப்பினேன்.
முகம் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தது.
கண் எங்கே என்று எனக்குத் தெரியும்.
பத்து நிமிஷம் அப்படியே விட்டேன்.

கறண்ட் வந்தது. நாய்கள் குரைத்தன.
பழைய கோட்டுக்கு ஏற்றி இறுக்கினேன்,
சிக்னல் எண்பத்திரண்டு.
படியிறங்க, தேத்தண்ணி நீட்டினார்.
நன்றாகத்தான் இருக்கிறார்.
"பிள்ளைக்கு எந்த ஊர்?"
"மயிலிட்டி, ஐயா."
"அங்கையிருந்தும் ஒருக்கா ஒரு சம்பந்தம்…"
என்று தொடங்கியவர்
றிமோட்டைத் தேடிப் போய்விட்டார்.

சீனி காணாது.
குடித்து முடித்தேன்.