மணிக்கு மூன்று கிலோமீட்டர்

பீன்யாவில், பூட்டிக் கிடக்கும் பேரிங் கம்பெனிக்குப் பின்னால்
காலை நாலே முக்கால்.
டேங்கர்காரர் ரோட்டை நனைத்துவிட்டுப் போயிருந்தார்.
ஈரத்தில் ஒரு சோடியம் விளக்கு
தலைகீழாக எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கார் வந்தது.
வந்தது என்ன,
தெருமுனை வேகத்தடைக்கு முன்னால் வந்து நின்றது.
தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவில்
ஒரு சிகரெட் பெட்டி படுத்தால் நுழையும்,
நிமிர்ந்தால் இடிக்கும்.
இறக்கியது முதஸ்ஸிர் பாய்தான்.
மட்கார்டை அகலமாக்கியது, சைலன்சரை மாற்றியது எல்லாம் அவர்தான்.
அவரே தன் ஆம்னியிலிருந்து
இரண்டு பலகைகளை எடுத்துவந்து போட்டார்.
மெல்ல, மெல்ல, லெஃப்ட், இன்னும் கொஞ்சம் லெஃப்ட்.
ஒரு சாண் மேட்டைத் தாண்ட
இருபது நிமிஷம்.

'அறுநூறு குதிரை' என்றார் சொந்தக்காரர் பெல்லியப்பா.
'அறுநூற்றுப் பன்னிரண்டு' என்று திருத்தினார் பாய்.

ஜெஸிந்தா கிழக்கைப் பார்த்தபடி கூந்தலை முடிந்துகொண்டாள்.
என்னிடம் ஒரே சொல்: துடை.
துடைத்தேன்.
துடைத்த இடத்தில் என் முகம்.
அதையும் துடைத்தால்
இன்னும் தெளிவாக என் முகம்.

பிறகு பானெட்டில் ரப்பர் உறிஞ்சிகளைப் பதித்து
பதினைந்தடி அலுமினியக் கம்பியை நீட்டி
நுனியில் கேமராவை மாட்டினோம்.
தூண்டிலை மீனே பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது.

பெல்லியப்பா கையுறை போட்டாகிவிட்டது.
'ஸ்டார்ட் பண்ணட்டுமா?'
'வேண்டாம் சார். இன்ஜின் ஓடினால் கம்பி நடுங்கும்.
நியூட்ரலில் போடுங்க. இவங்க தள்ளுவாங்க.'
பந்தியில் உட்காரவைத்து
இலையை உருவியது போல் ஆனது அவர் முகம்.

இவங்க என்றால்
நான், பாய், லைட் தூக்கும் பசவா,
நெருப்புக் கேட்டு வந்த பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் தாப்பா.
அறுநூற்றுப் பன்னிரண்டு குதிரைகளை
நாலு பேர் தள்ளினோம்.
ஷட்டர் நாலு நொடி திறந்திருக்கும்.
அதற்குள் பத்துப் பதினோரு அடி.
வெடுக்கென்று தள்ளக்கூடாது.
நிற்கவும் கூடாது.

'பெட்ரோல் தீர்ந்துபோச்சா?'
தாப்பா இந்தியில் கேட்டார், உண்மையான பரிவோடு.
மூச்சு மிச்சமிருந்தவர்கள் யாரும் இல்லை
பதில் சொல்ல.

முதல் தடவை குலுங்கிவிட்டது.
அடுத்ததில் பசவா வழுக்கினான்.
ஆறாவதில் ஒரு நாய் குறுக்கே வந்து
புகைபோல் பதிந்தது.
பதினேழாவதில்
வானம் இங்க் நிறத்துக்கு வந்தபோது
ஜெஸிந்தா கையைத் தூக்கினாள்.

சின்னத் திரையைச் சுற்றிக் குனிந்தோம்.
விளக்குகள் கோடுகளாகிவிட்டிருந்தன.
சக்கரக் கம்பிகள் கலந்து ஒரே வெள்ளித் தட்டு.
பீன்யாவின் மொத்தச் சுவரும் பின்னால் பறந்தது.
'அப்பா, என்ன ஸ்பீடு!' என்றார் பெல்லியப்பா,
உள்ளே உட்கார்ந்திருந்தவர்.

கிளம்பும்போதுதான் ஸ்டார்ட் செய்தார்.
தகரக் கூரைகள் அதிர்ந்தன.
மூன்று தெரு நாய்களும் ஒரே நேரத்தில் பதில் சொல்லின.
நாற்பதடி போனது.
பாய் மறுபடி பலகைகளை எடுத்தார்.

லிங்கராஜபுரம் அறையில்
இரண்டு ராத்திரி உட்கார்ந்து அழிக்கிறேன்.
கம்பியை, கம்பியின் நிழலை,
ஈரத்தில் விழுந்த அந்த நிழலின் நிழலை.
பிறகு ஆட்களை.

காரோடு சேர்ந்து நகர்ந்ததால்
காரைப் போலவே நாங்களும் துல்லியம்.
மங்கியது ஊர் மட்டும்தான்.
பாயின் மோதிரக் கல் தெரிகிறது.
பசவாவின் முழங்கையில் சிராய்ப்பு தெரிகிறது.
என் பனியனில் இருக்கும் கிழிசல்,
எனக்கே தெரியாதது, தெரிகிறது.
ஒவ்வொருவராக எடுத்துவிட்டு
அந்தந்த இடத்தில்
ஓடும் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினேன்.

அழிக்கவில்லை என்பதுதான் நிஜம்.
எங்கள் நாலு பேரையும் தனி லேயரில் வைத்து
அதன் கண்ணை மட்டும் மூடியிருக்கிறேன்.
டீ ஆறும்வரை
சும்மா ஒரு தடவை திறந்து பார்த்தேன்.
முதுகை வளைத்து நிற்கிறோம், பறக்கும் காருக்குப் பின்னால்.
தாப்பாவின் வாய் பாதி திறந்திருக்கிறது,
பெட்ரோலைப் பற்றி
இப்போதுதான் கேட்கப்போகிறார்.