சொல்லுக்கு முதலில் வராதவை

ஐந்து புள்ளிகள்
ஒன்றையொன்று துரத்தி வட்டமடிக்கும்.
நாலாம் சுற்றில் நின்றுவிடும்.
பிறகு விசிறியின் இரைச்சல் மட்டும்.

ஒக்டோபர் முப்பத்தொன்று, இரவு எட்டரை, டண்டினோங்.
வரிக்கணக்குக் கொடுக்கக் கடைசி நாள்.
மற்றவர்கள் யூலையிலேயே கொடுத்து,
திரும்பி வந்த காசில் சோபாவும் வாங்கிவிட்டார்கள்.
என்னுடையதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்:
பஸ் ஓட்டிய சம்பளம்,
சீருடை தோய்த்த செலவு,
கறுப்புச் சப்பாத்து இரண்டு சோடி.

பட்டனை அமத்திப் பிடித்துப் பத்து வரை எண்ணினேன்.
செத்தது.
திரும்பவும் அமத்தினேன்.
புள்ளிகள். நாலாம் சுற்று.

புள்ளி வைத்த எழுத்து
சொல்லுக்கு முதலில் வராது என்று
ஆறாம் வகுப்பு இலக்கணத்தில் இருந்தது
இந்த நேரம் பார்த்தா ஞாபகம் வர வேண்டும்?
மெய் மேசையில் இருக்கிறது.
மின்சாரமும் இருக்கிறது.
உயிர்தான் வந்து ஏறவில்லை.

சுகிர்தாவின் தம்பி கேதீசுக்குப் பேர்த்தில் இன்னும் வெயில்.
மூன்று மணித்தியாலம் பின்னுக்கு நின்றபடி
போனில் எனக்கு முன்னால் நடக்கிறான்.
"பிரின்டரைக் கழட்டுங்கோ அத்தான்."
கழற்றினேன். நின்றது.
"கமராவை."
நின்றது.
"சரி, மூடியைத் திறவுங்கோ."

நாலு ஸ்க்ரூவில் ஒன்று உருண்டு
பிரிட்ஜுக்குக் கீழே போனது. இன்னும் அங்கேதான்.
உள்ளே ஒரு பூனைக்குட்டி செய்யக் காணுமான புழுதி.
வாயால் ஊதினேன்.
இந்தச் சமையலறையில் மிளகாய் வறுத்த நாள்களெல்லாம்
ஒன்றாய் மூக்கில் ஏறித் தும்மினேன்.
ராமை இழுத்து,
அதன் தங்கப் பல்வரிசையை
மகளின் அழிறப்பரால் தேய்த்துத்
திரும்பச் செருகினேன், "டக்" என்று கேட்கும்வரை.
ஐந்து புள்ளிகள்.
எனக்கும் இப்போது நாலுவரைதான் எண்ண வரும்.

"வேற என்ன செருகியிருக்கு?"
"ஒண்டுமில்லை."
"வடிவாப் பாருங்கோ."
"ஒண்டுமில்லையடாப்பா."
"முன்பக்கம், கீழ, ஒரு பிளவு இருக்குமே?"

இருந்தது.
உள்ளே நகமளவு நீல அட்டை.
சுகிர்தா புருவம் பிடுங்கும் குறட்டால் இழுத்தெடுத்தேன்.

நாலாம் சுற்று. ஐந்தாம். ஆறாம்.
நான் மூச்சு விட்டபோது திரையில் கடல் வந்திருந்தது.

"அட்டை சாகப் போகுது அத்தான்.
பெட்டி எழும்பினவுடன அதிட்டதான் கேக்கும், நீ ஆர் எண்டு.
முந்தி மறுமொழி சொன்னது. இப்ப சொல்லுதில்லை.
இதுவும் விடாமல் காத்துக்கொண்டு நிக்குது.
அதுசரி, அட்டையில என்ன?"

"தெரியேல்லை" என்று போனை வைத்தேன்.

பத்து ஐம்பதுக்கு வரிக்கணக்கு போனது.
திரும்பி வருமாம், இருநூற்றுப் பதின்மூன்று டொலர்.

அதன்பிறகு அட்டையை ஒருதரம் செருகிப் பார்த்தேன்.
பதினொரு படத்தில் நாலுதான் திறந்தன.
நோபிள் பார்க் வீடு. நாங்கள் திறப்பைக் கொடுத்த நாள்.
ஏஜென்ட் கறை என்று எழுதிய கம்பளத்தில்
கறையில்லை.
ஓட்டை என்ற சுவரில் ஓட்டையில்லை.
அடுப்பின் உட்புறம் புதுச் சில்லறைக் காசு போல.
நாலாவது தவறி எடுபட்டது:
ஈரத் தரையில் முழங்கால் இரண்டும்,
மஞ்சள் கையுறையும்,
என் சப்பாத்தின் நுனியும்.

ஆதாரம் இல்லையென்று
அறுநூற்று நாற்பது டொலரைப் பிடித்துக்கொண்டார்கள்.
"நீதான் அட்டையைத் துலைச்சனீ."
இரண்டு வருடம் சொல்லியிருக்கிறேன்.
ஒரு கலியாண வீட்டில்,
ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கவும் சொன்னேன்.

பதினொன்றேகாலுக்கு அவளுடைய கார் வந்தது.
ஆஸ்பத்திரிச் சட்டையோடு, சப்பாத்துக் கழற்றாமல்,
மேசையில் கிடந்த குறட்டைப் பார்த்தாள்.
"கொம்பியூட்டர் சரியோ?"
"ஓம்."
"என்ன பிழையாம்?"

அட்டை சேட்டுப் பையில்.
வாய்க்குள் ஐந்து புள்ளிகள்
ஒன்றையொன்று துரத்தி,
இரண்டாம் சுற்று,
மூன்றாம்,

"ம்" என்றேன்.