அன்ரனாக் குழாயில் ஒரு ரோசா

நுவரெலியா லொறிக்காரர் மூன்று கன்று காட்டினார்.
சிவப்பு. மஞ்சள். பேரில்லாத ஒன்று.
உப்புவெளிக் காற்றுத் தாங்குமோ என்றேன்.
"தாங்கினால் உங்கட ரோசா,
தாங்காட்டி என்ர பிழை."
பேரில்லாததை வாங்கினேன்.

தூரதர்ஷன் இழுக்க மாமனார் நட்ட
அன்ரனாக் குழாய் சும்மா நின்றது.
அதில் சாய்த்தேன்.

ஏறும் என்றார்கள். ஏறவில்லை.
பாகல்போலச் சுருண்டு பற்ற
நூல் இல்லை அதுக்கு;
முள்ளோ என் சட்டையைத்தான் பிடிக்கிறது.
கிழிந்த வலைநூலால்
மாதமொருக்கால் நானே கட்டினேன்.
கச்சான் ஓயுமுன் கூரை தொட்டது.
உச்சியில் இரண்டே பூ,
காகங்களுக்கு.

"நிமிர விட்டால் அப்படித்தான். வளையுங்க,"
மதிலுக்கு அப்பால் றிஸ்மியா சொன்னா,
கையில் தேங்காய்ப் பாதி.

பயந்து பயந்து வளைத்தேன்,
மதில் நீளத்துக்குக் கிடையாக.
ஒன்று முறிந்தது.
அந்தச் சத்தம்
இரண்டு நாள் காதில் கிடந்தது.

மார்கழி மழை விட்ட காலை
கணுவுக்குக் கணு மொட்டு.
பாதிக்கு மேல் அவ பக்கம் எட்டிப் பார்க்கிறது.
எண்ணிப் பார்க்க
நான்தான் கதிரை போட்டு
ஏற வேண்டியிருக்கு.