போறணை ஆறும் மூன்று நாள்

முதல் நாள் கை வைக்க முடியாது.
இரண்டாம் நாள் பூனை மட்டும் படுக்கும்.
மூன்றாம் நாள்தான் ஆள் உள்ளே போகலாம் என்றார்
ஆலையடிவேம்பு தவராசா மேசன்.
இருபத்திரண்டு வருசத்தில்
எந்த ஹர்த்தாலுக்கும் முழுசாய் ஆறாத சாமான்.

வெடிப்பு முதலில் நூல்போல இருந்தது.
பிறகு ஐந்து ரூபாய்க் குற்றி நுழைந்தது.
போன கிழமை புகை அந்த வழியால் வந்து
எங்கள் படுக்கையறை முகட்டைத் தடவிப் பார்த்தது.
பாண் ஒரு கன்னம் கருகி
மறு கன்னம் வெளிறிப்போய் இறங்க,
பதினாறு இறாத்தலைச்
சூன்பாண் ஓட்டோக்காரன் திருப்பிக் கொண்டுவந்தான்.

கல்முனையிலிருந்து வந்த பொடியன்
அந்த வெக்கையிலும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான்.
மின்சாரப் போறணையின் படத்தை மா மேசையில் விரித்து,
"வயசைத் திருத்தச் செலவால பெருக்குங்க ராத்தா,
வாற தொகை புதுசின்ட விலைய முந்தினா
மாத்துறதுதான் புத்தி" என்றான்.
பெருக்கினேன்.
இருபத்திரண்டு தரம் எண்பத்தையாயிரம்.
பதினெட்டு லட்சத்து எழுபதாயிரம்.
புதுசு ஏழரை லட்சம், தவணைக்கு.
அதே கணக்கை நவ்சாத்தின் முழங்காலுக்கும் போட்டேன்,
ஐம்பத்து மூன்று தரம் அறுபதாயிரம்.
"இவரையும் மாத்தத்தான் வேணும், என்ன விலை?" என்றேன்.
பொடியன் சிரிக்கவில்லை.
நவ்சாத்தும்தான்.

கறண்ட் பில் எவ்வளவு வரும்,
விறகு லொறிக்கு இனி எவ்வளவு மிச்சம்,
எல்லாம் கேட்டார்கள்.
போறணையின் முதுகுதான்
எங்கள் வீட்டு நடுச்சுவர் என்பதை
ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை.
மாரியில் ஹிபாவின் பள்ளி உடுப்பு
அதில்தான் காயும்.
இன்ஷாபுக்கு இழுப்பு வந்தால்
முதுகோடு முதுகு வைத்து உட்காருவான்,
சுபஹுக்குள் இறங்கிவிடும்.
சித்திரையில் அதே சுவர்
எங்களைப் பாயோடு முற்றத்துக்குத் துரத்தும்.
நான் அதை ஏசாத வெயிற்காலம் இல்லை.
பாசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் மழை.
மேசன் குனிந்தார், தோள் நுழையவில்லை.
நவ்சாத்துக்கு முழங்கால் மடியவில்லை.
சாக்கை விரித்து, டோர்ச்சை வாங்கிக்கொண்டு
வயிற்றால் நான் போனேன்.

வளைவில் கல் தளர்ந்திருந்தது.
விரலால் தட்டித் தட்டி எண்ணினேன், பதினொன்று.
தளம் ஒரு மூலையில் இறங்கி,
அடியில் கொட்டிய உப்பும் போத்தல் துண்டும்
பச்சையாய் மினுங்கின.
"என்ன தெரியிது?" என்று வெளியில் குரல்.
அப்போதுதான் கவனித்தேன்,
இடுப்பில் செருகிய போன்
இவ்வளவு நேரமும் அடிக்கவேயில்லை.
எடுத்துப் பார்த்தால் ஒரு கோடும் இல்லை.
சீட்டுக்காரி, மா ஏஜென்ட், லீசிங் கம்பனி,
எவர் குரலும் எட்டாத ஓரிடம்
என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.
அதற்குள்தான் இத்தனை வருசமும்
விறகு அடுக்கிக் கொளுத்தியிருக்கிறேன்.

"இன்னும் பாக்கிறன்" என்று சத்தம் வைத்தேன்.
டோர்ச்சை அணைத்தேன்.

கரியோடு வெளியே வந்தபோது
ஹிபா ஈரச் சட்டையைக்
குளிர்ந்த சுவரில் இரண்டு கையாலும்
அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
நாளைக்குத் தவணைச் சோதனை.

பதினொரு கல், ஒரு மூடை களி,
மேசனுக்கு நாலு நாள் கூலி.
எண்பத்தையாயிரம் முப்பத்தெட்டில் வந்து நின்றது.
தளத்தை மாரி கழியப் பார்ப்போம் என்றேன்.
அதுவரை தாங்குமா என்று கேட்டதற்கு
மேசன் வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

பொடியனின் படத்தை எறியவில்லை.
ஈஸ்ட் டின்னுக்கடியில் மடித்து வைத்திருக்கிறேன்.
இரவில் ஒருமுறை விரித்துப் பார்த்தேன்.
கதவு, கண்ணாடி, சிவப்புப் பொத்தான்கள்,
எல்லாம் முன்பக்கம்.
அதன் முதுகு எப்படி இருக்கும் என்று
அவனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்க வேண்டும்.