தொப்பூர் நிக்காது

தர்மபுரி பேருந்து நிலையம், காலை ஆறே முக்கால்.
"பாலக்கோடு ராயக்கோட்டை ஓசூர் ஓசூர்!"
"பென்னாகரம்! ஏறு ஏறு!"
"மொரப்பூர், அரூர்!"

என் கை தானாக இடுப்புக்குப் போகிறது,
கைக்கருவியை எடுத்து
'கேட்கிறது, மேலே சொல்' என்று பதில் தர.
இடுப்பில் சில்லறைப் பைதான் இருக்கிறது.

நாட்டின் பெயரை எழுத மாட்டேன்,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
மணல்மூட்டை அடுக்கிய மொட்டைமாடி,
வானத்தைப் பார்த்த ஒரு தட்டு,
டீசல் இருக்கும்வரை ஓடும் ஜெனரேட்டர்.
மருந்தும் குடிதண்ணீரும் கொண்டுபோகும்
ஐந்து வண்டிகள்.
அவற்றுக்குப் பெயர் வைக்கும் வேலை என்னிடம் வந்தது.
ஒட்டுக்கேட்பவனுக்குப் புரியக் கூடாது,
ஓட்டுநரின் வாயில் நுழைய வேண்டும்.

ழ உள்ள ஊர்களை விட்டுவிட்டேன்.
மாரண்டஅள்ளி நீளம், பேட்டரிக்குக் கட்டாது.
பாலக்கோடு, பென்னாகரம், மொரப்பூர், அரூர், தொப்பூர்.
இத்ரீஸ் மட்டும் கடைசிவரை
"டோப்பூர்" என்றார்.
திருத்துவதை நிறுத்திவிட்டேன்,
அந்த டோ வந்தால் அவர் உயிரோடு இருக்கிறார்.

இரவு ஒன்பதுக்கு வருகைப் பதிவு.
ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன்.
இரைச்சலுக்கு நடுவே
ஒரு குரல், ஒரு இருமல், ஒருநாள் ஆடு கத்தியது,
எல்லாம் வருகைதான்.

பெருநாளுக்கு முந்தின நாள்
பையன்கள் வந்து நின்றார்கள்.
வீட்டுக்கு முகம் காட்டிப் பேச வேண்டும்,
கொஞ்சம் இணையம் கொடு மாதே, ஒரே ஒரு ராத்திரி.
குன்றின் மேல் ரிப்பீட்டருக்கு இரண்டு பேட்டரி.
ஒன்றைக் கழற்றி இறக்கினேன்.
ஒன்று போதும் என்று கணக்குப் போட்டேன்.
கணக்கு என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது.
பகலில் தூசிப்புயல் வரும் என்பதை
நான் அதில் எழுதவில்லை.
சோலார் தகடு மண் மூடிக் கிடந்தது.

அன்று கீழே சிரிப்பும் அழுகையும்.
யாரோ ஒரு குழந்தை திரையை நக்கியது.

பாலக்கோடு, கேட்கிறது.
பென்னாகரம், கேட்கிறது.
மொரப்பூர். அரூர், தெளிவாக.
தொப்பூர்.
தொப்பூர்.
தொப்பூர், உன் இடத்தைச் சொல்.

குன்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்த வண்டி அது ஒன்றுதான்.

பதிவேட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி,
விடியும்வரை ஒரே இரண்டு சொற்கள்:
பதில் இல்லை.

நான்காம் நாள் மருத்துவச்சி சல்மா
நடந்து வந்து சேர்ந்தாள், ஒரு செருப்போடு.
இத்ரீஸ் வரவில்லை.
தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்:
நாங்கள் கூப்பிட்டோம். பதினாறு முறை.
குற்றமாகச் சொல்லவில்லை,
எண்ணினதைச் சொன்னாள்.

"சேலம் சேலம் சேலம்!
இடையில நிக்காது, தொப்பூர் நிக்காது!"

காதுக்குள் ஓயாத இரைச்சல்,
சேலத்தில் ஒரு டாக்டர் பார்க்கிறார்.
ஏறி உட்கார்ந்து
தொப்பூர் ஒன்று என்கிறேன்.
"இப்பதானே கத்துனேன், காது கேக்கலியாம்மா?"
கேக்குது, சேலமே குடுங்க.

கணவாயில் லாரிகள் முதல் கியரில் முனகி இறங்குகின்றன.
முட்டிய வண்டி ஒன்றைக் கிரேன் தூக்குகிறது,
சிதறிய தக்காளியை யாரோ கூடையில் பொறுக்குகிறார்கள்.
கைப்பேசி ஒருமுறை அதிர்கிறது.
என் இடத்தில் இருக்கும் ஜோசே:
புது வண்டி வந்துவிட்டது.
அந்தப் பழைய பெயரையே கொடுக்கலாமா,
இல்லை வேறு ஊர் இருக்கிறதா உன்னிடம்?

ஊர் நிறைய இருக்கிறது.
நல்லம்பள்ளி, கடத்தூர், ஏரியூர்.
விரல் ஒவ்வொன்றாய் அடித்து அழிக்கிறது.
பிறகு எழுதுகிறேன்:
கொடு.
ஆனால் ஒன்பது மணிக்கு
அதைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.
பேட்டரி இரண்டும் மேலேயே இருக்கட்டும்,
யார் வந்து கேட்டாலும்.

மலை மறைத்த இடம். சிக்னல் இல்லை.
செய்தியின் ஓரத்தில் சின்னக் கடிகாரம் சுற்றுகிறது.
பேருந்து இன்னும்
இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.