சிவப்புப் பாதரசம்

வாசலில் நிற்பவர் பெயர் ஜெமால்.
குத்தாயிசியில் மூன்றாம் நாளாய் மழை.
தொப்பியைக் கழற்றாமலே கேட்கிறார்:
"பழைய சிங்கர் ஒண்ணு உங்ககிட்ட இருக்காமே?
புரட்சிக்கு முந்தினது?"

இருக்கிறது.
சமையல் மேசைமேல், ஒன்பது நாளாய்
மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டு.
சக்கரம் இன்னும் மனசு வைக்கவில்லை.

அவர் வந்தது தைப்பதற்கல்ல.
ஊசித்தண்டுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம்.
பத்தூமியில் ஒருவன் விற்றானாம்,
அந்தக் காசில் பெட்ரோல் பங்க் வைத்தானாம்.
கண்டுபிடிப்பது சுலபம்:
யாரையாவது செல்போனில் கூப்பிட்டு
பேச்சு நடக்கையில் ஊசியருகே நீட்டவேண்டும்.
இணைப்பு அறுந்தால், இருக்கிறது.

மனைவியைத்தான் கூப்பிட்டார்.
இருவரும் ஊசிமேல் குனிந்து நின்றோம்.
பாலாடைக்கட்டி வாங்கியாச்சா,
கொடியில் கிடந்த துணி எடுத்தாச்சா,
அங்கே பக்கத்தில் மூச்சு விடுகிறவள் யார்.
இணைப்பு அறவேயில்லை.
அவர்தான் அறுத்தார்.

"கழற்றிப் பார்த்திடலாமே" என்றார்.
எனக்கும் இன்னொரு ஜோடிக் கை தேவைப்பட்டது.
முடி உலர்த்தியை அவரிடம் கொடுத்து
இந்த இடத்தில் காட்டுங்கள், நகர்த்தாதீர்கள் என்றேன்.

எவரோ ஒரு காலத்தில்
சமையலுக்கு வைத்த சூரியகாந்தி எண்ணெயை விட்டிருக்கிறார்கள்.
அது பிசினாய் இறுகி
இரும்புக்கும் இரும்புக்கும்
கல்யாணம் பண்ணி வைத்துவிட்டது.
இன்னொருவர் பளபளப்பாக்கும் ஆசையில்
சாச்சா சாராயத்தால் துடைத்திருக்கிறார்;
கறுப்பு உடம்பில் எழுதிய பொன் ஸ்பிங்ஸுக்கு
சிங்கக் கால்கள் மிச்சம்,
முகம் இல்லை.

சூடு. ஒரு சொட்டு. மறுபடி சூடு.
சக்கரத்தை முன்னே ஒரு நூல், பின்னே ஒரு நூல்.
ஜெமாலின் கண் சுத்தியலைத் தேடியபோது
"கூடாது" என்றேன், கொஞ்சம் உரக்க.

டொக்.

விரல் எலும்பு சொடுக்கியதுபோல்.
பிறகு ஒரு முழுச் சுற்று.

பல் செட் செய்யும் கூடத்தில் வேலை எனக்கு.
வளைந்த கொக்கிகள் சில வீட்டுக்கும் வந்துவிடும்.
தகட்டைத் தூக்கி
மெஷினின் பற்களுக்கடியில் கிளறினேன்.
கம்பளம்போல் இறுகிய பஞ்சு:
சாம்பல் ஓர் அடுக்கு, பட்டாளப் பச்சை ஓர் அடுக்கு,
எங்கோ நடுவில் ஒரே ஓர் இழை மஞ்சள்.
அப்புறம் முறிந்த ஊசிமுனை.
தாளில் கொட்டி அவர் முன் நகர்த்தினேன்.
தொடாமல் பார்த்தார்.

"தண்டு?"

தண்டையும் உருவிக் கொடுத்தேன்.
ஜன்னலுக்குப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு
மறு கண்ணில் வைத்துப் பார்த்தார்.
துளை இல்லை. முழு எஃகு.
அந்தப் பக்கம் ரியோனி ஆறு
கலங்கலாய் ஓடிக்கொண்டிருந்தது,
அதுவும் தண்டு வழியே தெரியவில்லை.

கிளம்பும்போது சாவியைக் காணோம்.
கோட்டுப் பையின் ஓட்டை வழியே இறங்கி
உள்துணிக்குள் முதுகுவரை போயிருந்தது.
"கழற்றுங்கள்" என்றேன்.
தொப்பியையும் சேர்த்துக் கழற்றினார்.

படகு மாதிரி ஷட்டிலில் கறுப்பு நூல்.
அவர் கைப்பிடி சுற்ற, நான் துணியைச் செலுத்த,
நூறாண்டு எடையுள்ள சத்தத்தோடு
அது நடந்தது.
நடந்தது என்றால் நொண்டி நடந்தது.
எட்டுத் தையலுக்கு ஒன்று தாவியது.
தண்டைத் திரும்பப் பொருத்தினேனே,
உயரம் அரை மில்லி தவறியிருக்கும்.
யாருக்காக உருவினேன் என்று
நான் சொல்லவில்லை.

"எவ்வளவு?"
"ஒன்றும் வேண்டாம்."
"அந்த ஊசியையாவது விற்பீர்களா?"
சந்தையில் பத்து ஊசி இரண்டு லாரி என்றேன்.
தலையாட்டினார். நம்பவில்லை.

ராத்திரி திருகைத் தளர்த்தி
தண்டை அரை மில்லி இறக்கினேன்.
திரைச்சீலை ஒன்று, தலையணை உறை இரண்டு,
ஒரு தாவல்கூட இல்லை.
தாவல்கள் எல்லாம்
ஜெமாலின் பையோடு போய்விட்டன.
சாவி விழாது.
சூரியகாந்தி விதை
வேண்டுமானால் விழும்.